சட்டை முதுகில் மூன்றா, எட்டா?

கருட சேவைக் கூட்டத்தில் தொலைந்துவிட்டால் உதவுமே என்று, நான்கு வயது மகளின் சட்டை முதுகில் என் போன் நம்பரை அச்சடிக்கக் கொடுத்தேன். நாங்கள் தறியில் நெய்து விற்கும் பட்டுப்புடவைக்கான விசிட்டிங் கார்டைப் போனில் படமெடுத்து, நம்பரை மட்டும் வெட்டி வாட்ஸ்அப்பில் அச்சுக் கடைக்கு அனுப்பினேன். பெரிதாக்கி அச்சடித்ததில் எண்கள் கொஞ்சம் மங்கியிருந்தன. குழந்தை சட்டைதானே என்று வாங்கி வந்துவிட்டேன்.

பெருமாள் குடை தெரிந்ததும் கூட்டம் நெருக்கித் தள்ளியது. கையைப் பார்த்தேன், பிள்ளை இல்லை. நம்பர் இருக்கிறதே, யாராவது கூப்பிடுவார்கள் என்று போனைப் பார்த்தபடியே கத்திக்கொண்டு அலைந்தேன். அது அடிக்கவே இல்லை.

கடைசியில் போன் அடித்தது. ஒரு பெண் போலீஸ் பேசினார். "ஏம்மா, கொழந்த முதுகுல இருக்கறது மூணா, எட்டான்னே தெரியல. மாத்தி மாத்திப் போட்டா யார் யாரோ எடுக்கறாங்க. சீக்கிரம் வாம்மா, அழுதுக்கினு இருக்குது."

மறுநாள் கடைக்காரரிடம் சண்டைக்குப் போனேன். அவர் கம்ப்யூட்டரில் காட்டினார்.

"நீங்க அனுப்பினது போன்ல எடுத்த படம்மா. உங்க தறி டிசைன் தாள் மாதிரி கட்டம் கட்டமா இருக்கும். பெருசாக்குனா கட்டமும் பெருசாயி, மூணு எட்டு மாதிரி தெரியும். வெக்டார்னு இன்னொரு வகை இருக்குது. அதுல கட்டமே கெடையாது, கோடு எங்க வளையணும்ன்ற கணக்குதான் இருக்குது. எவ்ளோ பெருசாக்குனாலும் புதுசா வரைஞ்சுக்கும்."

இப்போது நம்பரைப் படமாக அனுப்புவதே இல்லை. கடையிலேயே டைப் அடித்து வெக்டாராகப் போடச் சொல்கிறேன். புதுச் சட்டையை மாட்டி, மகளை நாலு வீடு தள்ளி நடக்கவிட்டுப் படித்துப் பார்க்கிறேன். எட்டு எட்டாகத்தான் தெரிகிறது. ஆனாலும் அவள் முதுகைக் காட்டி நடக்கும்போது, நாலாவது வீட்டைத் தாண்டுமுன் கூப்பிட்டுவிடுகிறேன்.