முதலைக்காரரை ஊதச் சொன்ன காலை

எங்கள் பழைய இரும்புக் கிடங்கில் கிழக்குச் சுவரை ஒட்டி ஒரு பாதை உண்டு. தினமும் நான் பெருக்குகிற பாதை. சுவரில் சாய்த்து வைத்த தகரங்களின் கூர்முனைகள் அதில் நீட்டிக்கொண்டிருக்கும். ஒருமுறை ஒரு முனை என் கெண்டைக்காலைக் கிழித்து ஏழு தையல் போட்டார்கள். காயம் ஆறி நான் வேலைக்குத் திரும்பியபோது ஒரு முனையும் நீட்டிக்கொண்டிருக்கவில்லை. எல்லாவற்றையும் யாரோ சுத்தியலால் மடக்கி அடித்திருந்தார்கள். முதலாளிக்கு இரக்கம் பிறந்துவிட்டது என்று நம்பி அவருக்காக ஒரு வாரம் பிரார்த்தனை செய்தேன். அப்புறம்தான் எடை போடுகிறவர் சொன்னார், அது முதலைக்காரர் செய்த வேலை, சாப்பாட்டு நேரத்தில் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக அடித்தார் என்று. பிரார்த்தனையை ஆள் மாற்றிச் செய்ய வேண்டியதாகிவிட்டது.

முதலை என்பது இரும்பு வெட்டுகிற இயந்திரம். நீளமான தாடை திறக்கும், மூடும், திறக்கும், மூடும். சுவிட்சை நிறுத்தும்வரை ஓயாது. திறந்த வாயில் கம்பியை வைத்தால் வெள்ளரிக்காயைக் கடிப்பதுபோல் கடித்துத் துண்டாக்கும். அதன் பக்கத்தில் வேலை செய்கிறவர்களுக்கு ஒரே ஒரு சட்டம்: வால் பக்கம் நிற்காதே. கம்பியைக் கோணலாகக் கடித்துவிட்டால் வெளியே நீட்டியிருக்கும் மறுமுனை சாட்டை மாதிரி சுழன்று அடிக்கும். அந்த வாயில் நாலு வருடம் இரும்பு ஊட்டியவர் என்பதால் அவர் முதலைக்காரர்.

மாதத்தில் ஒரு புதன்கிழமை அவர் மத்தியானம் விடுப்பு எடுப்பார். கேட்டால் பல்வலி. மாசம் ஒரு பல்லுன்னா இந்நேரம் நீ பொக்கை வாயா இருக்கணுமே என்று முதலாளி கேலி செய்தார். பிறகு கேலி போய்க் கோபம் வந்தது. அடுத்த புதன் போனால் அப்படியே போய்விடலாம் என்று கறாராகச் சொல்லிவிட்டார்.

அன்றைக்கு முதலைக்காரர் முதலாளியின் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். அந்த அறையின் சுவர் ஒரு தகரத் தடுப்பு. வெளியே விளக்குமாறும் கையுமாக நான்.

"எனக்குக் குடிநோய் இருந்துச்சுங்க முதலாளி," என்றார். "நாலு வருஷம் ஏழு மாசமா தொடல. அந்தப் புதன்கிழமை ஆஸ்பத்திரிக்குத்தான் போறேன். தெனம் ஒரு மாத்திரை போடறேன். அதைப் போட்டுக்கிட்டு ஒரு வாய் குடிச்சாலும் உசுரு போற மாதிரி ஆயிடும். பல்லுவலின்னு சொன்னது பொய்."

அதோடு நிறுத்தியிருக்கலாம். உண்மை பேச ஆரம்பித்தவருக்கு எங்கே நிறுத்துவதென்று தெரியவில்லை. பழைய ஊரில் ஒரு ஆளைச் செங்கல்லால் அடித்து மண்டையைப் பிளந்தது, மனைவியைத் தலைமுடியைப் பிடித்துப் படியில் இழுத்தது, அறைந்த அறையில் அந்த மனைவியின் இடது காது செவிடானது, எல்லாவற்றையும் சொன்னார். இதையெல்லாம் எழுதலாமா என்று நான் பிறகு போனில் கேட்டேன். போனை எடுத்தது அவர் மனைவிதான். "எழுதுங்கக்கா. என் காதையும் சேத்தே எழுதுங்க," என்றார்.

இது இந்தச் சுவரைத் தாண்டாது என்று முதலாளி வாக்குக் கொடுத்தார். தகரத்துக்கு இந்தப் பக்கம் இருந்த நான் வாயைத் திறக்கவில்லை. முதலாளிதான் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட உட்கார்ந்ததும் மச்சானிடம் சொல்லிவிட்டார். அந்த மச்சான்தான் எங்கள் மேஸ்திரி.

மறுநாள் காலை வாசலில் மேஸ்திரி எல்லாரையும் நிறுத்தினார். இருபது பேருக்கு முன்னால் முதலைக்காரரைக் கூப்பிட்டுத் தன் முகத்தை அவர் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"ஊது."

எல்லாருமா என்று முதலைக்காரர் கேட்டார். நீ மட்டும்தான், மத்தவங்க மனுசங்க என்றார் மேஸ்திரி. முதலைக்காரர் ஊதினார். மேஸ்திரி மூக்கை இரண்டு தடவை இழுத்துப் பார்த்துவிட்டு, "இன்னிக்குப் பாஸ்," என்றார். கிடங்கே சிரித்தது.

பதினோரு நாள் இது நடந்தது. முதலையின் பக்கத்தில் காலி பாட்டிலை உருட்டிவிட்டார்கள். கேஸ் தீயில் இரும்பு அறுக்கிற ஒருவன் இருந்தான், கேஸ்காரன் என்போம். அவனுக்கு வாய் அதிகம். "முதலைன்னா தண்ணியிலதான மாமா இருக்கணும், கரையில என்ன வேலை," என்று தினமும் ஒருமுறையாவது கேட்பான். நானும் ஒருநாள் சிரித்துவிட்டேன். அன்று பிரார்த்தனைக்கு உட்கார வெட்கமாக இருந்தது. முதலைக்காரர் முதலாளியிடம் போய், வாக்குக் கொடுத்தீங்களே என்று கேட்டார். மெஷினுக்குப் பக்கத்தில் நிற்கிற ஆள் நீ, என் மச்சான் தெரிந்துகொண்டதில் என்ன தப்பு என்று முதலாளி கேட்டு அனுப்பிவிட்டார்.

அதற்குப் பிறகு முதலைக்காரர் கம்பியை ஊட்டுகிற வேகம் கூடியது. கழுத்து நரம்பு புடைத்திருக்கும். வெட்டின துண்டுகளைக் குவியலில் போடமாட்டார், வீசி அடிப்பார். பழைய ஆள் உள்ளே இருந்து கதவைத் தட்டுகிறான் என்று எனக்குப் பட்டது. கேஸ்காரனை நினைத்துப் பயந்தேன். பயந்தது ஒன்று, நடந்தது வேறொன்று.

பன்னிரண்டாம் நாள் பதினோரு மணிக்கு நான் டீ கொண்டுபோனேன். கேஸ்காரன் வழியில் நின்றான். "குடுங்கக்கா, மாமாவுக்கு நானே குடுக்கறேன். சமாதானம் ஆயிடறோம்," என்றான். கடவுள் அவன் மனத்தைத் தொட்டுவிட்டார் என்று சந்தோஷமாகக் கொடுத்தேன். டம்ளரோடு கேஸ் சிலிண்டருக்குப் பின்னால் போய்விட்டுத்தான் அவன் அவரிடம் போனான். அதையும் பார்த்தேன். பார்த்தும் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. அந்தப் பாவத்தில் என் கையும் உண்டு.

கால்மணி நேரத்தில் முதலைக்காரர் முகம் காய்ச்சின இரும்பு மாதிரி சிவந்தது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். கையில் இருந்த நீளக் கம்பி கோணிக்கொண்டு முதலையின் வாய்க்குள் போனது. தள்ளாடுகிற வேடிக்கையைப் பார்க்க வசதியான இடம் என்று கேஸ்காரன் வால் பக்கம் போய் நின்றிருந்தான். பதினாறு வருடம் இரும்பில் வேலை செய்தவன். தாடை கடித்தது. கம்பியின் மறுமுனை சுழன்று அவன் முகத்தில் இறங்கியது. மண்வெட்டியால் தேங்காயை உடைத்த மாதிரி சத்தம். மூன்று பல் இரும்புத்தூளில் விழுந்தது. அவன் அலறவில்லை, அலறுவதற்கு வாய் நேராக இல்லை.

முதலைக்காரர் தரையில் கிடந்து வாந்தி எடுத்துக்கொண்டிருந்தார். மேஸ்திரி ஓடிவந்து அவர் தலைமுடியைப் பிடித்துத் தூக்கி வாயை மோந்தார். "நான் சொன்னேன்ல," என்று எல்லாரையும் பார்த்துச் சொல்லிவிட்டு, விலாவில் உதைத்தார். இரும்பு மூக்கு வைத்த பூட்ஸ். இன்னும் நாலு பேர் சேர்ந்தார்கள். ஒருவன் முதுகில், ஒருவன் வயிற்றில். கூட வேலை செய்கிறவனுக்கு அடிபட்ட கோபம் என்று சொல்லிக்கொண்டார்கள். வாந்தியில் ரத்தம் கலந்து வந்தது. ஒருவன் கம்பியை எடுத்து முழங்காலில் போட்டான்.

நான் அவர் மேல் விழுந்தேன். என் தோளிலும் ஒரு உதை விழுந்தது. "மாத்திரை போடறவர்யா, குடிச்சா செத்துடுவார், கேஸ்காரன் டீல சாராயம் கலந்து குடுத்துட்டான்," என்று கத்தினேன். தகரத்துக்கு வெளியே நின்று கேட்டதை அன்றுதான் முதன்முதலாக வெளியே சொன்னேன். மேஸ்திரி என்னைக் காலைப் பிடித்து இழுத்தார், நான் விடவில்லை. எடை போடுகிறவர்தான் முதலையை நிறுத்திவிட்டு வண்டி கொண்டுவந்தார்.

இரண்டு விலா எலும்பு முறிவு. இதயம் அன்று நிற்காமல் இருந்தது பெரிது என்றார் டாக்டர். முதலைக்காரரின் மனைவி வந்தார். ஒரு சொட்டு பட்டாலும் அன்றோடு நான் இல்லை என்று நாலு வருடத்துக்கு முன்னால் சொல்லி வைத்திருந்த மனுஷி. கட்டிலில் கழற்றிப் போட்டிருந்த சட்டையை எடுத்து மோந்து பார்த்தார். பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். நான் அவருடைய வலது காதுப் பக்கம் போய் நின்று டீ கதையைச் சொன்னேன். கடவுள் மேல் சத்தியம் செய்யச் சொன்னார். அதுவரை நான் சத்தியம் செய்ததே இல்லை. செய்தேன். பையை இறக்கி வைத்தார்.

மாத்திரையைப் பற்றி டாக்டர் எழுதிக் கொடுத்த கடிதத்தைப் பார்த்து முதலாளி பயந்துவிட்டார். கேஸ்காரனும் தாடையில் கம்பி கட்டிய வாயோடு தலையாட்டி ஒப்புக்கொண்டான். ஒரு பை பழத்தோடு முதலாளி ஆஸ்பத்திரிக்கு வந்தார். நடந்ததை மறந்துவிடு, வேலைக்கு வா, ஆனால் காலையில் ஊதுவது மட்டும் இருக்கட்டும், இருபது பேர் முன்னால் ஆரம்பித்ததை நிறுத்தினால் மேஸ்திரிக்கு மரியாதை போய்விடும் என்றார்.

அடிபட்ட இருபத்தாறாம் நாள் முதலைக்காரர் நொண்டிக்கொண்டு வந்தார். மேஸ்திரி வாசலில் முகத்தை நீட்டினார். "ஊது."

அவர் ஊதவில்லை. மேஸ்திரியின் சட்டைக் கழுத்தைப் பிடித்தார். எண்பது கிலோ மனிதனை, உடைந்த விலாவோடு, வாசலிலிருந்து முதலைவரை தரதரவென்று இழுத்துப் போனார். தடுக்கப்போன ஒருவனை முழங்கையால் மூக்கில் அடித்துச் சாய்த்தார். முதலையை அன்றைக்கு முன்னாலேயே ஓடவிட்டிருந்தார்கள். மேஸ்திரியின் தலையை அமுக்கித் தாடைக்கு ஒரு சாண் தள்ளி வைத்தார். திறந்தது, மூடியது. மேஸ்திரியின் காலடியில் ஈரம் பரவியது. யாரும் கிட்டே போகவில்லை. நான் போனேன், ஆனால் தொடப் பயம். தொட்டால் கை நழுவி ஒரு சாண் ஒன்றுமில்லாமல் போய்விடும். கடவுளே, இந்தக் கையைப் பிடித்துக்கொள் என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

"நீ ஊது," என்றார் முதலைக்காரர். குனிந்து தன் முகத்தை மேஸ்திரி முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோனார்.

மேஸ்திரி ஊதினார்.

முதலைக்காரர் அப்படியே இருந்தார். தாடை நாலு தடவை திறந்து மூடியது. பிறகு மேஸ்திரியை இழுத்துப் பின்னால் தள்ளிவிட்டு, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "இன்னிக்குப் பாஸ்," என்றார்.

நான் இரண்டடி தள்ளித்தான் நின்றேன். அந்த மூச்சில் என்ன இருந்தது என்று எனக்கும் தெரியும். அவர் சொல்லாததை நான் சொல்லப் போவதில்லை. அவர் கை நீட்டியதை நான் நியாயப்படுத்தவில்லை. ஒரு சாண் என்பது தூரமே இல்லை.

போலீசுக்குப் போனால் டீ கதையும் போகும் என்று முதலாளி அதை அமுக்கிவிட்டார். முதலைக்காரர் கையுறையையும் சாப்பாட்டுப் பாத்திரத்தையும் எடுத்துக்கொண்டு கிளம்பினார். பஸ் நிற்கிற இடம்வரை கூடப் போனேன். அவரும் மனைவியும் வேறு ஊருக்குப் போய்விட்டார்கள், அதற்குப் பிறகு நான் அவரைப் பார்க்கவில்லை. அடுத்த இடத்திலாவது யாரிடமும் சொல்லாதீங்க தம்பி, உங்க மேல ஒரு தப்பும் இல்ல என்றேன். பஸ் வந்து நின்றது. அவர் உடனே ஏறவில்லை.

"எனக்காகச் சத்தியம் பண்ணீங்களாமே, அதனால உங்களுக்கும் தெரியணும். வீட்டுல அவகிட்ட நேத்துச் சொல்லிட்டேன். அன்னிக்கு முதல் வாய்லயே டீல என்ன இருக்குன்னு எனக்குத் தெரிஞ்சுடுச்சு. மூணாவது வாய் வரைக்கும் டம்ளரைக் கீழ வைக்கலக்கா."