நோன்பு மாதத்துக் குழம்பு

எண்பதுகளில் ஏற்காட்டில் ஒரு பள்ளி விடுதிக்கு வார்டனாக இருந்தேன். சமையல்காரரை எல்லோரும் பாய் என்போம். ஒல்லி உடம்பு, கழுத்தில் எப்போதும் ஈரத்துண்டு. ரம்ஜான் மாதம் வந்தால் மதியத்தில் அரிசி மூட்டைமேல் சாய்ந்து தூங்கிவிடுவார். நான் தட்டி எழுப்புவேன்.

"குழம்புல உப்பே இல்ல. தூக்கம் மட்டும் நல்லா வருதா?"

"தப்புத்தானுங்க சார்."

எட்டு வருஷம் இப்படியே திட்டினேன். அரபு நாட்டில் வேலை பார்த்துவிட்டு எங்கள் பள்ளிக்குப் புதிதாக வந்த வெள்ளைக்கார டீச்சர், ஒருநாள் அடுப்படியில் நின்று குழம்பை ருசி பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவர் நோன்பு. ருசி பார்க்கக்கூட வாயில் வைக்க மாட்டார். விடியற்காலை மூன்று மணிக்கே எழுந்துவிடுகிறார். உங்களுக்குத் தெரியாதா?" என்றார் என்னிடம்.

அன்று பரிமாறும்போது பாய் குனிந்து கேட்டார்: "உப்பு செரியா இருக்குங்களா சார்?"

மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. இன்னும் கொஞ்சம் குழம்பு கேட்டேன்.