அசையாமல் உட்காரும் வேலை

இது நடந்தது. நம்பாதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். யாருடைய கையையும் பிடித்து இழுத்து நம்பவைக்கிற உத்தேசம் எனக்கு இல்லை. நடந்தது ஒரு கல்லூரி மாணவனுக்கு. பேய், பிசாசு என்று யாராவது வாயெடுத்தால் முகத்துக்கு நேராகச் சிரிக்கிற ரகம் அவன். பேயை விடுங்கள், மனிதர்களையே அவன் மதித்ததில்லை.

வீட்டில் அவனுக்குத் துரை என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயரல்ல, அக்கா வைத்தது. சாப்பிட்ட தட்டை நகர்த்தி வைக்காதவனுக்கு, குளித்த துண்டைத் தரையில் போட்டுவிட்டுப் போகிறவனுக்கு வேறென்ன பெயர் பொருந்தும்? அப்பா, அம்மா இல்லாத வீடு. அக்கா ஒரு தையல் ஆலையில் சட்டைகளுக்குக் காலர் வைத்து அவனைப் பொறியியல் படிக்க வைத்துக்கொண்டிருந்தாள். அந்தக் காலர் வேலையைப் பற்றி அவன் நண்பர்களிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. கேட்டால் "ஃபேஷன் துறை" என்பான்.

இரண்டாம் ஆண்டு தொடங்கியபோது ஆலையில் பாதி ஆட்களை நிறுத்திவிட்டார்கள். அக்காவுக்கு அரை நாள் வேலைதான் மிஞ்சியது.

"தொரை, இந்த வருஷ ஃபீஸை என்னால தனியாக் கட்ட முடியாது. படிக்கிற பசங்களுக்கு காலேஜ்லயே பகுதிநேர வேலை தர்றாங்களாமே. போய்க் கேளு" என்றாள்.

"யாரு, நானா? வேலைக்கா?"

"இல்ல, பக்கத்து வீட்டு நாய். நீதான்."

போனான். மாணவர் வேலைப் பிரிவு என்று பலகை மாட்டிய அறை மாடிப்படிக்கு அடியில் இருந்தது. ஒரு பக்கம் கழிப்பறை, மறுபக்கம் கால் உடைந்த பெஞ்சுகள். உள்ளே ஒரு குமாஸ்தா பேனா மூடியைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வெளியே வரிசையில் நின்ற மாணவர்களைத் துரை மேலும் கீழும் பார்த்தான். செருப்புத் தேய்ந்தவர்கள். பையில் தையல் விட்டவர்கள். இவர்களோடு நிற்கவேண்டியிருக்கிறதே என்று அவனுக்கு உடம்பெல்லாம் கூசியது. தன் செருப்பைக் குனிந்து பார்க்க அவனுக்குத் தோன்றவில்லை.

"நூலகத்துல புத்தக முதுகுல நம்பர் ஒட்டணும். போறீங்களா?" என்றார் குமாஸ்தா.

"நான் இன்ஜினியரிங் படிக்கிறேன் சார்."

"அப்படியா. பாலம் கட்டுற வேலை வந்தா சொல்லி அனுப்புறேன்."

வேறு வழியில்லாமல் நூலகத்துக்குப் போனான். ஒரே வாரத்தில் நூலகரிடம், இந்த வேலையை ஒரு குரங்குக்குக் கற்றுக்கொடுத்தால்கூடச் செய்யும் என்று சொன்னான். நூலகர் குரங்கு கிடைத்ததும் சொல்வதாகக் கூறி அவனை அனுப்பிவிட்டார். பிறகு ஒரு பேராசிரியர் வீட்டில் சின்னப் பையனுக்குக் கணக்குச் சொல்லித்தரும் வேலை. மூன்றாவது வகுப்பில் பையனை மண்டு என்றான். பையனின் அம்மா வாசலைக் காட்டினாள். கேன்டீனில் பாத்திரம் கழுவ ஆள் தேவைப்பட்டது. "எச்சில் தட்டா? நானா?" என்று அவனே திரும்பிவிட்டான்.

மறுபடியும் மாடிப்படிக்கு அடியில் வந்து நின்றபோது குமாஸ்தா அவனை ஒரு மாதிரி பார்த்தார்.

"ஒண்ணு இருக்கு. ஓவியக்கூடத்துல சாயங்கால வகுப்பு. வரையிறவங்க முன்னாடி உக்காந்திருக்க ஒரு ஆள் வேணுமாம். ஒண்ணும் செய்யக் கூடாது. அசையாம இருக்கணும். அவ்வளவுதான். உங்களுக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கு."

கேலி துரைக்கு உறைக்கவில்லை. கடைசியில் தன் தகுதிக்கு ஒரு வேலை வந்துவிட்டதென்றே நினைத்தான்.

ஓவியக்கூடம் பழைய கட்டடத்தின் கோடியில் இருந்தது. உயர்ந்த சன்னல்கள். சாயங்கால வெயில் நேராக உள்ளே விழும். நடுவில் ஒரு மர மேடை, மேடைமேல் ஒரு நாற்காலி. நாற்காலிக்குப் பின்னால் ஆள் நடக்கிற அளவு இடம் விட்டு, சாம்பல் நிறத் துணி ஒன்று தொங்கியது. துணிக்குப் பின்னால் சுவர். வேறு எதுவும் இல்லை.

கற்றுக்கொள்ள வந்தவர்கள் எட்டுப் பேர். எல்லாரும் ஊர்க்காரர்கள். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு பஸ் டிரைவர், ஒரு பல் டாக்டர், கைக்குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டு வந்த ஒரு பெண், இப்படி. மேடையைச் சுற்றி அரைவட்டமாகப் பலகைகளை வைத்துக்கொண்டு கரித்துண்டால் வரைந்தார்கள். ஓவிய ஆசிரியை குட்டையான, குரல் உயர்த்தாத பெண்மணி.

"நான் சொல்ற வரைக்கும் அசையக் கூடாது தம்பி. திரும்பவும் கூடாது. சரியா?"

சரக்... சரக்... என்று கரி காகிதத்தில் உரசும் சத்தம். வேறு சத்தம் கிடையாது. துரை நிமிர்ந்து உட்கார்ந்து, எட்டுப் பேரையும் மனத்துக்குள் ஒவ்வொருவராகக் கிழித்துக்கொண்டிருந்தான். இந்த வயதுக்கு மேல் இவர்களுக்கு எதற்கு இந்த ஆசை?

இடைவேளையில் எழுந்து படங்களைப் பார்த்தான். சிரிப்பை அடக்க முடியவில்லை. ஒன்றில் அவன் மூக்கு உருளைக்கிழங்கு. ஒன்றில் ஒரு காது கன்னத்தில் முளைத்திருந்தது. டிரைவர் வரைந்ததில் அவன் தலை பூசணிக்காய் போல இருந்தது. அதே படத்தில், அவனுடைய இடது தோளுக்குப் பின்னால், ஏதோ கறுப்பாக...

"இது என்ன, மூட்டையா?"

"இல்ல தம்பி. அவங்களை இன்னும் முடிக்கல" என்றார் டிரைவர்.

கிழவருக்குக் கண் போய்விட்டது என்று துரை முடிவு கட்டினான். அத்தோடு அதை மறந்தும் போனான்.

அடுத்த வகுப்பில் மூன்று படங்களில் அது இருந்தது. இப்போது மூட்டை இல்லை. ஒரு பெண். துணிக்கு அருகில், கைகளைத் தொங்கவிட்டுக்கொண்டு நின்றாள். கழுத்துவரை பொத்தான் போட்ட சட்டை. வேலை நேரம் முடியக் காத்திருப்பவளைப் போன்ற, சலித்த முகம்.

துரை திரும்பி மேடையைப் பார்த்தான். நாற்காலி. துணி. வெயில்.

"யாருங்க இது?"

பல் டாக்டர் வியப்பாகப் பார்த்தார். "என்ன கேக்குறீங்க? உங்ககூட வர்றவங்கதானே?"

ஆசிரியையும் அதையே சொன்னாள். "முதல் நாள் நீ உள்ள வந்தப்ப பின்னாடியே வந்தாங்க. ஒண்ணும் பேசல. போய் நின்னுக்கிட்டாங்க. உங்க அக்கான்னு நெனச்சோம்."

துரைக்குச் சுருக்கென்றது. அடுத்த நொடியே விஷயம் புரிந்துவிட்டதாக நினைத்தான். விளையாடுகிறார்கள். தங்கள் படங்களைப் பார்த்து இவன் சிரித்ததற்குக் கூடிப் பேசி வைத்துக்கொண்டு பழிவாங்குகிறார்கள். பூசணிக்காய் வரைகிற கூட்டத்துக்கு இது வேறயா!

இந்த இடத்தில் வேறு எவனாக இருந்தாலும் வேலையை விட்டிருப்பான். இவன் விடவில்லை. இந்த எட்டு முட்டாள்களுக்குப் பயந்து ஓடினான் என்று பெயர் வரக்கூடாதாம். அப்படி ஒரு தலைக்கனம்.

அடுத்த வகுப்பில் எட்டுப் படங்களிலும் அவள் இருந்தாள். துணியை விட்டு விலகி முன்னால் வந்திருந்தாள்.

அவர்களைக் கையும் களவுமாகப் பிடிக்கவேண்டும் என்று துரை ஒவ்வொரு படமாக ஆராய்ந்தான். வரைபடப் பாடத்தில் அவன் கெட்டிக்காரன். ஒரே பொருள் முன்னாலிருந்து பார்த்தால் எப்படித் தெரியும், பக்கத்திலிருந்து பார்த்தால் எப்படித் தெரியும் என்பது அவனுக்குத் தண்ணீர் பட்ட பாடு. எங்கேயாவது கோணம் தப்பியிருக்கும். அதைக் காட்டி இவர்கள் மானத்தை வாங்கிவிடலாம்.

தப்பவில்லை.

இடப்பக்கம் உட்கார்ந்தவர் படத்தில் அவளுடைய இடது கன்னம். வலப்பக்கம் இருந்தவர் படத்தில் வலது காது. நடுவில் இருந்தவளுக்கு நேர்முகம். உயரம் ஒன்று. தூரம் ஒன்று. மேடையில் விழுந்த நிழல்கூட எட்டிலும் ஒரே இடத்தில் விழுந்திருந்தது.

இன்னொன்றையும் கவனித்தான். அவனை வரைந்ததில் இன்னும் அதே உருளைக்கிழங்கு மூக்குதான். அவளை மட்டும்... எட்டுப் பேரும் அச்சு அசலாக வரைந்திருந்தார்கள்.

அன்று வீட்டில் அக்கா கேட்டாள். "ஏன்டா மூஞ்சி ஒரு மாதிரி இருக்கு?"

"ஒண்ணுமில்ல."

"வேலை கஷ்டமா?"

"உக்காந்திருக்கிறதுல என்ன கஷ்டம்?"

இடது தோளைத் தேய்த்துக்கொண்டே சொன்னான். தேய்க்கிறோம் என்பது அவனுக்கே தெரியவில்லை.

அதற்கடுத்த வகுப்பு. வெயில் நன்றாக இருந்தது. சன்னல்கள் திறந்திருந்தன. வெளியே யாரோ பந்து விளையாடும் சத்தம். பயப்பட ஒன்றுமே இல்லை என்று சொல்லிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தான்.

சரக்... சரக்... சரக்...

கொஞ்ச நேரத்தில் பின்னால் மரப்பலகை முனகியது. மேடையின் பலகை. அவன் அசையவில்லை.

மறுபடியும். இன்னும் கிட்டத்தில்.

எதிரே எட்டுப் பேரும் வரைபலகையிலிருந்து தலையைத் தூக்கினார்கள். குனிந்தார்கள். தூக்கினார்கள். யாருமே அவன் முகத்தைப் பார்க்கவில்லை. எல்லார் கண்ணும் அவன் தலைக்குச் சற்று மேலே.

சரக்சரக்சரக்... கரித்துண்டுகள் வேகமெடுத்தன.

நாற்காலியின் முதுகுச் சட்டம் லேசாகப் பின்னால் சாய்ந்தது. யாரோ பிடித்துக்கொண்டதுபோல.

இடது தோளில் ஒரு எடை.

விரல்கள். ஒன்று... இரண்டு... பிறகு முழுக் கையும்.

சில்லென்று இல்லை. அதுதான் அவனை உலுக்கியது. வெதுவெதுப்பாக இருந்தது. சாதாரண மனுஷி கையைப் போல.

"சார்..." என்றான் டிரைவரைப் பார்த்து.

"திரும்பாதீங்க தம்பி."

"ஏன்?"

"குனிஞ்சு... உங்க காதுல ஏதோ சொல்றாங்க."

அவனுக்கு எதுவும் கேட்கவில்லை.

காதோரம் மூச்சு மட்டும்.

எடை விலகியது.

கரிச் சத்தம் நின்றது. எட்டும் ஒரே நேரத்தில்.

திரும்பினான்.

நாற்காலி முதுகு. துணி. வெயில்.

இறங்கி வந்து படங்களைப் பார்த்தான். ஒன்றிலும் அவள் இல்லை. கொஞ்சம் முன்பு வரைந்ததைத் துடைத்த தடம்கூட இல்லை. எட்டிலும் அவன் மட்டும் தனியாக உட்கார்ந்திருந்தான். மூக்கு சரியாக இருந்தது. காது இருக்கவேண்டிய இடத்தில் இருந்தது. முதல் முறையாக, எட்டுப் பேரும் அவனை அச்சு அசலாக வரைந்திருந்தார்கள்.

டிரைவர் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார். "போயிட்டாங்க தம்பி. போகும்போது சிரிச்சாங்க."

மறுநாள் துரை குமாஸ்தாவிடம் போய் நின்றான். கேன்டீனில் பாத்திரம் கழுவும் வேலை இன்னும் இருக்கிறதா என்று கேட்டான். எச்சில் தட்டு பரவாயில்லையா என்று அவர் கேட்டதற்குப் பரவாயில்லை என்றான். ஓவியக்கூடத்து வேலையை என்ன செய்வது என்றார். வேறு யாருக்காவது கொடுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தான். யாருக்குக் கொடுப்பார்கள், அவர்களுக்கு என்ன ஆகும் என்றெல்லாம் அவன் யோசிக்கவில்லை. அடுத்தவர்களைப் பற்றி யோசிக்கிற வழக்கம் அவனுக்கு எப்போது இருந்தது?

கேன்டீனில் சமையல்காரர் நல்ல மனிதர். சத்தமாகப் பாடுவார். சாயங்காலங்களில் ஜனங்கள் நெருக்கியடிப்பார்கள். ரப்பர் ஏப்ரனைக் கட்டிக்கொண்டு, இரைச்சலுக்கு நடுவில் தட்டு கழுவுவது அவனுக்குச் சொர்க்கமாக இருந்தது. தோள் வலி மட்டும் போகவில்லை. அக்கா தினமும் தைலம் தேய்த்துவிட்டாள்.

மாதம் ஒன்று ஓடியது. ஒருநாள் மத்தியானம், முதல் வருடப் பெண் ஒருத்தி கேன்டீனின் பின்வாசலில் வந்து நின்றாள். கையில் சுருட்டிய காகிதம். கண் சிவந்திருந்தது.

"அண்ணா, உங்களுக்கு வெக்கமா இல்லையா?"

"யாரும்மா நீ?"

"யாரா? நீங்க விட்ட வேலைக்கு வந்தவ. தினமும் வந்து என் பின்னால நிக்கிறீங்களே, ஏன்? வரையிறவங்கதான் நீங்க யாருன்னு சொன்னாங்க. மூணு வாரமாப் பொறுத்துட்டேன். நேத்து சாயங்காலம் தோள்ல கை வைக்கிறீங்க. என்ன பழக்கம் இது?"

சமையல்காரர் கரண்டியோடு திரும்பினார். "நேத்து சாயங்காலமா? ஆள் மாறிப் பேசுறம்மா. இவன் என்கூடத்தான் இருந்தான். கண்ணாடி டம்ளர் உடைஞ்சு விரல்ல வெட்டிக்கிட்டான். நான்தான் கட்டுப் போட்டேன்."

அந்தப் பெண் காகிதத்தை விரித்தாள்.

நாற்காலியில் அவள். அவளுக்குப் பின்னால், அச்சு அசலாக, துரை. ரப்பர் ஏப்ரன். முழங்கைவரை ஈரம். அவள் தோள்மேல் இருந்த கையில், கட்டைவிரலில், கட்டு. சமையல்காரர் அவசரத்தில் போட்ட முடிச்சு கோணலாக இருந்தது. படத்திலும் கோணலாக இருந்தது.

சமையல்காரர் துரையின் விரலைப் பார்த்தார். படத்தைப் பார்த்தார். அடுப்பை அணைத்தார்.

அந்தப் பெண்ணின் கோபம் எங்கோ போய்விட்டது. "அண்ணா..." என்றாள். "இனிமே வராதீங்கண்ணா."

நான் வரவில்லையே என்று சொல்ல வாய் திறந்தான். சத்தம் வரவில்லை.

அன்று சாயங்காலமும் அவளுக்கு வகுப்பு இருந்தது.