என் பேர்ல ஒரு பைக்

ஏட்டம்மா. ரைட்டர். ஆடு காணோம்னு வந்து உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர். என் வூட்டுக்காரி சரசு. அப்புறம் நான்.

போன செவ்வாய்க்கிழமை காலையில போலீஸ் ஸ்டேஷன்ல இவ்வளவு பேர்தான்.

நான் தொப்பூர் ரோட்டுல லாரிக்குப் பஞ்சர் ஒட்டறவன். வாரா வாரம் படிக்கிற உங்களுக்குத் தெரியும். சொந்தமா வண்டி கிடையாது. பஸ்தான்.

அப்படிப்பட்டவனுக்கு ஓசூர்ல இருந்து ஃபைன் வந்துச்சு. ஹெல்மெட் போடலையாம். போட்டோவும் இருக்குது. புது பைக். ஓட்டறவன் பின்னாடி மஞ்ச சுடிதார்ல ஒரு பொண்ணு.

சரசு போட்டோவை ஏட்டம்மாகிட்ட நீட்டினா.

"இது இவரில்லைங்க மேடம்."

"எப்படிங்க சொல்றீங்க? முகமே தெரியலையே."

"தலையைப் பாருங்க. முடி இருக்குது." என் பக்கம் திரும்பினா. "ஏங்க, அந்தத் துண்டை எடுங்க."

எடுத்தேன். ரைட்டர் பார்த்தார். எழுதிக்கிட்டார்.

ஆட்டுக்காரர் விடலை. "அப்ப இவருக்கு முடி இருந்திருந்தா சந்தேகப்பட்டிருப்பியாம்மா?"

"முடி இருந்தாலும் இவர் பின்னாடி எவங்க ஏறுவா?"

கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷம். இதைவிட நல்ல சாட்சி யார் சொல்லுவா?

ஏட்டம்மா சிரிக்கலை. "அண்ணா, உங்க ஆதாரை வெச்சு யாரோ வண்டி வாங்கியிருக்காங்க. நாளைக்கு அது யார் மேலயாவது ஏறிட்டா, முதல்ல உங்களைத்தான் தேடி வருவோம்."

தொப்பூர்க்காரனுக்கு இதை விளக்கிச் சொல்லணுமா? கணவாய்ல அடிபட்டு ரோட்டுல கிடக்கறதை எத்தனை பார்த்திருக்கேன்.

"முன்னாடியே எதுவும் தெரியலைங்களா?"

தெரிஞ்சுது. பைக்கை சர்வீஸுக்கு விடுங்கன்னு மெசேஜ் வந்துச்சு. நம்பர் மாறி வந்திருக்கும்னு விட்டுட்டேன். பொறந்த நாளுக்கு ஷோரூம்காரங்க வாழ்த்து அனுப்பினாங்க. வூட்டுல யாரும் சொல்லலை, இவங்களாவது சொன்னாங்களேன்னு சந்தோஷப்பட்டேன். அதுக்கும் முன்னாடி ஒருத்தன் போன் பண்ணி, "அண்ணே, ஒரு ஓடிபி வந்திருக்கும்... சொல்லுங்க"ன்னான். கையில லாரி டயர். சொல்லிட்டு வெச்சேன்.

வூட்டுக்குள்ள திருடன் வந்தா நாய் குலைக்கும். பேரைத் திருட வந்தா போன் குலைக்குது — நாமதான் சைலன்ட்ல போட்டுடறோம்.

"சரிங்கண்ணா, கம்ப்ளெயின்ட்டோட ஒரு ஆதார் ஜெராக்ஸ் வைங்க."

பையில இருந்து ஒண்ணை எடுத்து நீட்டினேன். ஏட்டம்மா திருப்பிப் பார்த்தாங்க. பின்பக்கம் என் கையெழுத்து. பஞ்சர் கடை, தொப்பூர் கணவாய், போன் நம்பர்.

"இது என்னங்க?"

"விசிட்டிங் கார்டுங்க மேடம். போற எடமெல்லாம் ஜெராக்ஸ் கேக்கறாங்கன்னு மொத்தமா எடுத்தேன். பின்னாடி வெள்ளையாக் கிடக்குது... வீணாவுதேன்னு எழுதி டிரைவருங்களுக்குக் குடுக்கறதுங்க."

ரைட்டர் பேனாவைக் கீழ வெச்சார். ஆட்டுக்காரர் எழுந்தே நின்னுட்டார்.

"எத்தனை பேருக்குக் குடுத்திருப்பீங்க?"

எடுத்தது இருநூறு. ஏட்டம்மா கையில இருந்ததையும் சேர்த்து மிச்சத்தை சரசு எண்ணினா. பதினொண்ணு.

நூத்தி எண்பத்தொம்பது.