அண்ணன் பல் கட்டிக்கொண்ட பிறகு

இரண்டு வருடங்களுக்கு முன்பு, நோன்புப் பெருநாள் கழிந்த மாதத்தில், சித்தையன்கோட்டையில் ஒரு கல்யாண வீட்டின் பின்புறம் நடந்தது இது. முன்னால் மாப்பிள்ளைக்கு மாலை போட்டுக்கொண்டிருந்தார்கள். பின்னால் தகரக் கொட்டகைக்குள் நாங்கள் பிரியாணிக்கு உலை கூட்டிக்கொண்டிருந்தோம்.

என் அண்ணன் திண்டுக்கல்லில் கல்யாணப் பிரியாணி ஆக்கும் பண்டாரி. நான் அவருக்குக் கீழே வெங்காயம் உரிப்பதில் தொடங்கி, அடுப்பைப் பார்த்துக்கொள்ளும் அளவுக்கு வந்தவன். எங்கள் பக்கம், பந்தியில் இருப்பவர்கள் பேச்சை நிறுத்திவிட்டுச் சாப்பிட்டால் "சோறு பேசுது" என்பார்கள். அண்ணன் ஆக்கினால் சோறுதான் பேசும். அவரிடம் ஒரு பிடிவாதம் உண்டு. அவருடைய தேக்சாவில், அதுதான் பிரியாணி அண்டாவில், உப்புப் பார்க்க வேறு யாரும் விரல் வைக்கக் கூடாது. அரிசி போடுமுன் கொதிக்கும் உலையில் ஒரு சொட்டை உள்ளங்கையில் விட்டு நக்குவார். தம் போடுமுன் ஒரு பருக்கையை முன்பல்லில் கடிப்பார். அவ்வளவுதான் சோதனை.

அந்த முன்பல்லைத்தான் சர்க்கரை வியாதி கொண்டுபோனது. ஈறு பழுத்து, மேல் வரிசை முழுக்க ஆடியது. டாக்டர் எல்லாவற்றையும் எடுத்துவிட்டுப் பல் செட்டு செய்து கொடுத்தார். இடைப்பட்ட மாதங்களில் அண்ணன் துண்டால் வாயை மூடிக்கொண்டே பேசினார். டீயில் பன்னை ஊறப்போட்டுத் தின்றார். அதனால் செட்டு மாட்டிய அன்று வீட்டில் பெருநாள் மாதிரி இருந்தது. அண்ணி கண்ணாடியைக் காட்டி, "பாருங்க, புது மாப்பிள்ளை கணக்கா இருக்கீங்க" என்று கேலி செய்தார். தெருவே வந்து பார்த்துவிட்டுப் போனது. செட்டு மேலண்ணத்தை மூடியிருப்பதால் ருசி மந்தமாக இருக்கும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். பழகிவிடும் என்று விட்டுவிட்டோம்.

அதற்குப் பிறகு வந்த முதல் கல்யாணம் இதுதான்.

உலையை நக்கிய அண்ணன் புருவத்தை நெரித்தார். "என்னடா, சப்புனு கெடக்கு?" என்று உப்பை அள்ளினார்.

"அளந்துதாண்ணே போட்டுருக்கு. செத்த நேரம் பொறுங்க."

"எம்புட்டு வருஷமாடா இந்தத் தேக்சா முன்னாடி நிக்கிறேன்? நீ எனக்குச் சொல்றியா?"

உப்பு விழுந்தது. கிண்டிவிட்டு மறுபடி நக்கினார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. இன்னொரு முறை நக்கினார். அப்போதுதான் அவர் கண்ணில் பயத்தைப் பார்த்தேன். சுவர்ப் பக்கம் திரும்பி, செட்டைக் கழற்றித் துண்டில் பிடித்துக்கொண்டு நக்கினார். முகம் கோணியது. உலை கரிக்கிறது என்று அவர் வாய்விட்டுச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அதே நேரம், பந்திக்கு எவ்வளவு நேரமாகும் என்று கேட்கப் பெண்ணுக்குச் சித்தப்பாவான சாச்சா உள்ளே வந்தார்.

"என்ன பாய் இது? பல்லைக் கழட்டிக் கையில வச்சுக்கிட்டு உலைய நக்குறீங்க? ஊரு சனம் சாப்பிடப்போற சோறு!"

அண்ணன் பதில் சொல்லப் பார்த்தார். காற்றுதான் வந்தது. செட்டைத் திரும்ப மாட்டப் போனார். அவசரத்தில் அது வழுக்கியது. பச்சடி கலக்கிக்கொண்டிருந்தவர், "பாத்து பாய், அதையும் உள்ள போட்டுறாதீங்க" என்றார். கொட்டகையே சிரித்தது. அண்ணனும் துண்டை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

துடுப்பை என் கையில் கொடுத்துவிட்டு வெளியே போய் நின்றுகொண்டார். நான் தண்ணீரையும் அரிசியையும் கூட்டி ஒரு வழியாகச் சரிசெய்தேன். பந்தி குறையில்லாமல் நடந்தது. பெண்ணின் சாச்சா மட்டும் சாப்பிடாமல் போய்விட்டார்.

பாத்திரங்களோடு மினி லாரியில் திரும்பும்போது, ஆத்தூர் தாண்டியதும் அண்ணன் துண்டை மடித்து மடியில் வைத்தார். பிறகு ரோட்டைப் பார்த்தபடியே சொன்னார்: "செட்டைப் போட்டா உலை தெரியல. கழட்டுனா சனம் மூஞ்சியச் சுழிக்குது. நான் எங்கிட்டுடா போக? இனிமே நீயே பாத்துக்க அப்பு."

நாங்கள் வருவதற்கு முன்பே அந்தக் கதை திண்டுக்கல்லுக்கு வந்து சேர்ந்துவிட்டது.

எலும்பில் திருகு பதித்துப் பல் கட்டினால் அண்ணம் திறந்திருக்கும் என்கிறார் டாக்டர். அதற்குச் சர்க்கரை இறங்க வேண்டும். அது இறங்குவதாக இல்லை. அண்ணன் இப்போது வீட்டிலிருந்தே போனில் கல்யாணம் பேசி முடிக்கிறார். பேச்சு தெளிவாக இருக்கிறது, சிரிப்பும் அழகாக இருக்கிறது. அடுப்புப் பக்கம் வருவதில்லை. முன்பெல்லாம் ரசத்துக்கே அண்ணியோடு மல்லுக்கு நிற்பவர், இன்று தட்டில் எதை வைத்தாலும் ஒரு சொல் சொல்லாமல் தின்றுவிட்டு எழுந்துபோகிறார். "சண்டையாவது போடுங்களேன்" என்று அண்ணி ஒரு நாள் அழுதுவிட்டார்.

இப்போதெல்லாம் யாராவது புதுப் பல் கட்டி வந்தால், சாப்பாடு இறங்குதா, ருசி தெரியுதா என்றுதான் முதலில் விசாரிக்கிறேன். அதை என் அண்ணனிடம் கேட்க மட்டும் இன்றுவரை எனக்குத் துணிச்சல் வரவில்லை.