எல்லா வீட்டுக்கும் சொல்லணும்

சென்னை போகும் காலை வண்டி அரக்கோணத்தைத் தாண்டி வேகமெடுத்த பிறகுதான் முனிரத்தினத்தின் மனைவி லோகேஸ்வரியின் போன் வந்தது. "அக்கா, பாவா பூட்டாருக்கா" என்றாள். அத்தை மகனையே கட்டிக்கொண்டவள். கணவரைக் கடைசிவரை பாவா என்றுதான் கூப்பிட்டாள். அந்த நேரத்திலும், "சாவ நேர்ல வந்து சொல்லணும்கா. போன்ல சொல்றேன்னு தப்பா எடுத்துக்காதீங்க" என்றாள். திருவள்ளூரில் இறங்கி எதிர் பிளாட்பாரத்துக்குப் போனேன். அவர்கள் ஊரான திருத்தணிக்குப் போகும் வண்டிக்கு நேரம் இருந்தது. சாப்பாட்டு டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு, வருகிற போகிற வண்டிகளை எல்லாம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

முனிரத்தினத்தை இங்கே வந்திருக்கும் உங்களில் பலருக்கு அந்தக் காலை வண்டியில்தான் பழக்கம். சென்னையில் ஒரு சிறிய கம்பெனியில் அவரும் நானும் ஜாவா புரோகிராம் எழுதுகிறவர்கள். ஆஸ்பத்திரிகளுக்கான மென்பொருள் எங்கள் வேலை. "நீங்க அதுல இன்னா பண்றீங்க சார்?" என்று வண்டியில் யாராவது கேட்டால், "எழுதினது அழியாம பாத்துக்கிறேன்" என்பார். கேட்டவர்கள் சிரித்துவிட்டுப் பேச்சை மாற்றுவார்கள். ஆனால் அவர் சொன்னது முழு உண்மை. கவுன்டரில் இருப்பவர் ஒரு நோயாளியின் பெயரைத் தட்டியதும் அது கம்ப்யூட்டரின் நினைவில் இருக்கும். மின்சாரம் போனால் கூடவே போய்விடும். அதை டேட்டாபேஸில் நிலையாகக் கொண்டுபோய் உட்கார வைக்க வேண்டும். எந்த டேட்டாபேஸ், அதில் எந்த அட்டவணை, யாருக்கு எதைத் தொட அனுமதி என்பதையெல்லாம் சில வரிகளில் அமைத்துக் கொடுப்பதுதான் முனியின் வேலை. அது சரியாக இருந்தால் அப்படி ஒருவர் இருப்பதே யாருக்கும் தெரியாது. தப்பினால் ஊருக்கே தெரியும்.

நான் சேர்ந்த புதிதில் அந்த மென்பொருள் முழுக்க ஒரே மூட்டை. மருந்துப் பகுதியில் ஒரு சின்ன மாற்றம் செய்தால் பதிவு கவுன்டர் படுத்துக்கொள்ளும். முனிதான் பிடிவாதமாக அதைத் தனித்தனி மாட்யூல்களாகப் பிரித்தார். பதிவுக்கு ஒன்று, மருந்துக்கு ஒன்று, ரத்தப் பரிசோதனைக்கு ஒன்று, நோயாளிகளுக்கு நினைவூட்டல் அனுப்புவதற்கு ஒன்று. ஒவ்வொன்றுக்கும் சொந்தச் சேமிப்பு, சொந்த அமைப்பு. ஒன்றின் அட்டவணையை இன்னொன்று எட்டிக்கூடப் பார்க்க முடியாது. எனக்கு அது வீண் வேலையாகப் பட்டது. ஒரே ஆஸ்பத்திரி, ஒரே இடத்தில் வைத்தால் என்ன குடி முழுகிவிடும் என்று சண்டை போட்டேன்.

"இன்னாம்மா, கூட்டுக் குடும்பமா நடத்தற? தனித்தனி அடுப்பு. யாரும் அடுத்த வீட்டுச் சட்டியில கை வெக்கக் கூடாது."

"அப்போ ஒரு வீட்டுல நடந்தது அடுத்த வீட்டுக்கு எப்படித் தெரியும்?"

"போய்ச் சொல்லணும். நம்ம ஊர்ல சாவு சொல்றது இல்லியா? அந்த மாதிரி. எல்லா வீட்டுக்கும் சொல்லணும். பக்கத்து வீட்ல சொல்லிட்டமேன்னு உட்டுட்டு வந்தா, அவன் வரமாட்டான். கேட்டா, எனக்கு யாரும் சொல்லலைன்னுவான். அவன் சொல்றதும் நியாயம்தானே?"

வேலை பேசுகிற இடத்தில் சாவுப் பேச்சு எதற்கு என்று வாயை அடைத்தேன். அவர் சிரித்துக்கொண்டே போய் டீ வாங்கி வந்தார். பிரித்தது பிரித்தபடியே நின்றது, வேலையும் அதற்குப் பிறகு ஒழுங்காக நடந்தது.

அவரோடு வேலை செய்தவர்கள் எல்லாருக்கும் இன்னொன்று காதில் ஒலிக்கும். எதையாவது முடித்துவிட்டு, சேமிப்பு சரியாக நடக்கிறது என்று பெருமையாகப் போய்ச் சொன்னால், "ஆங், சரி. மூடித் திறந்து பாத்தியா?" என்பார். புரோகிராம் ஓடிக்கொண்டிருக்கும்போது எல்லாமே இருப்பதுபோலத்தான் தெரியும். அதை முழுக்க நிறுத்தி, மறுபடி கிளப்பி, அப்போதும் இருக்கிறதா என்று பார்த்தால்தான் அது நிலைத்ததா இல்லையா என்று தெரியும். ஒரு நாளைக்கு நாலு தடவை இதைக் கேட்டால் யாருக்கும் எரிச்சல்தான் வரும். நான் முகத்துக்கு நேராகவே எரிந்து விழுந்திருக்கிறேன். வீட்டிலும் அப்படித்தானாம். "பூட்டின கதவைத் திறந்து பாத்துட்டு மறுபடியும் பூட்டற ஆளு ஒலகத்துலயே இவரு ஒருத்தருதான்கா. ரெண்டு தடவை திருப்பதி பஸ்ஸ உட்டுட்டோம்" என்று லோகேஸ்வரி ஒருமுறை என்னிடம் முறையிட்டாள். அவர் பக்கத்தில் உட்கார்ந்து, யாரைப் பற்றியோ பேசுகிறார்கள் என்பதுபோல் கேட்டுக்கொண்டிருந்தார்.

பிறகு அவருடைய சிறுநீரகங்கள் இரண்டும் கைவிட்டன. செவ்வாயும் வெள்ளியும் ஊரிலேயே ஒரு ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ். அங்கும் ஓடுவது எங்கள் மென்பொருள்தான். முந்தைய நாள் மாலை அவர் போனுக்கு மெசேஜ் வரும்: "நாளை காலை தங்களுக்கு டயாலிசிஸ். தவறாமல் வரவும்." அந்த வாசகம் அவரே எழுதியது. அதில் "தவறாமல்" என்ற சொல் லோகேஸ்வரி சேர்க்கச் சொன்னதாம். "நம்ம மெசேஜ் நமக்கே வந்துகினு இருக்குது பாரும்மா" என்று ஏதோ பரிசு விழுந்ததுபோல என்னிடம் காட்டினார். ரத்தப் பரிசோதனை முடிவுகளையும் காட்டுவார். மாதா மாதம் எண்கள் ஏறிக்கொண்டே போயின. ஒரு எண்கூடத் தொலையவில்லை, ஒரு தேதிகூடத் தப்பவில்லை. அவ்வளவு பத்திரமாகச் சேர்த்து வைத்ததை வைத்துக்கொண்டு அவராலும் ஒன்றும் செய்ய முடியவில்லை, என்னாலும் முடியவில்லை. எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வரும். யார் மேல் என்றுதான் தெரியாது.

ஒரு வெள்ளிக்கிழமை அங்கே படுத்தபடியே என்னைப் போனில் கூப்பிட்டார். பக்கத்துப் படுக்கையில் டயாலிசிஸ் செய்துகொண்டிருந்தவர் இறந்து சில வாரங்கள் ஆகியிருந்தன. அன்று அவருடைய மனைவி ஆர்.கே.பேட்டையிலிருந்து டவுன் பஸ் பிடித்து வந்து கவுன்டரில் நின்றிருக்கிறார். "அவரு போயி ஒரு மாசம் ஆவுதுங்க. இன்னும் தவறாம வரச் சொல்லி மெசேஜ் வருது. நான் இன்னா பண்ணணும்?" என்று போனை நீட்டியிருக்கிறார். கவுன்டர் பெண்ணோ, இறந்ததை அன்றைக்கே பதிவில் போட்டுவிட்டோமே என்று விழித்திருக்கிறாள். கையில் குழாயோடு படுத்திருந்த முனிக்கு எல்லாம் காதில் விழுந்திருக்கிறது.

"பதிவு வீட்டுக்கு சேதி தெரியுதும்மா. நெனவூட்டற வீட்டுக்கு யாருமே போய் சொல்லல. அதுபாட்டுக்கு கூப்ட்டுகினே இருக்குது. நான் பிரிச்ச வீடு. நான்தான் போய் சொல்லணும்."

பதிவில் ஒரு சாவு ஏறினால் அந்தச் சேதியைக் குறித்துவைத்து, மற்ற மாட்யூல்கள் ஒவ்வொன்றுக்கும் கொண்டுபோய்ச் சேர்க்கிற ஒரு புதிய மாட்யூலை எழுதத் தொடங்கினார். ஒரு கையில் ஊசி, இன்னொரு கையால் தட்டச்சு. பாதி வரைக்கும் வந்தார்.

அவர் இறந்து, காரியம் முடிவதற்குள் ஒரு திங்கட்கிழமை வந்தது. மாலை லோகேஸ்வரி போன் செய்தாள். அழவில்லை. "பாவா போனுக்கு மெசேஜ் வந்திருக்குதுக்கா. நாளைக்கு தவறாம வரணுமாம்" என்று மட்டும் சொன்னாள். "இது வராம பண்ண முடியுமாக்கா?"

அவர் பெயரை அடியோடு அழித்துவிடலாம் என்றுதான் முதலில் தோன்றியது. ஆனால் அழிப்பதற்கு முனி எங்களுக்கு வழியே வைக்கவில்லை. "அழிக்க நாம யாரு? முடிஞ்சுதுன்னு எழுது, போதும்" என்பது அவர் கட்சி. அவருக்கு மட்டும் குறுக்கு வழியில் ஏதாவது செய்தாலும், ஆர்.கே.பேட்டை அம்மாவுக்கு மெசேஜ் போய்க்கொண்டேதான் இருக்கும். அவர் பாதியில் விட்டதை எடுத்து முடித்தேன். எழுத எழுத அவரோடு பேசிக்கொண்டிருப்பதுபோல இருந்தது என்று சொல்ல ஆசைதான். அப்படியெல்லாம் இல்லை. வேலையாகத்தான் இருந்தது. வியாழக்கிழமை காலை ஆஸ்பத்திரிக்கே போய் சர்வரில் ஏற்றினேன். பதிவில் இருந்த ஆர்.கே.பேட்டைக்காரர் சாவும் முனியின் சாவும் சேதியாகக் கிளம்பி மற்ற மூன்று இடங்களுக்கும் போய்ச் சேர்ந்தன. நினைவூட்டல் பட்டியலில் முனி பெயருக்கு எதிரே "முடிந்தது" என்று விழுந்தது. லோகேஸ்வரிக்குப் போன் போட்டு, இனிமேல் வராது என்று வாக்குக் கொடுத்தேன்.

மதியம் ஊரில் கரண்ட் போனது. ஆஸ்பத்திரியின் பேட்டரி தாங்கவில்லை. சர்வர் அணைந்து, கரண்ட் வந்ததும் தானாக எழுந்துகொண்டது. மாலை வழக்கமான நேரத்துக்கு மெசேஜ் போய்விட்டது.

மறுநாள் காலை சர்வர் முன் உட்கார்ந்து பார்த்தேன். புதிய மாட்யூலின் அமைப்பில் ஒரு வரி. முனி பரிசோதனைக்காக வைத்தது. எல்லாரும் அப்படித்தான் வைப்போம். சேதிகளை நினைவில் மட்டும் வைத்திரு, ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் புதிதாக ஆரம்பி என்று பொருள். உண்மையான சர்வருக்குப் போகும்முன் அதை மாற்ற வேண்டும். அவர் இருந்திருந்தால் மாற்றியிருப்பார். சாவை மற்ற மாட்யூல்கள் தாங்களாக எழுதி வைத்துக்கொள்வதில்லை. எழுந்ததும் சேதி ஏதாவது உண்டா என்று கேட்டிருக்கின்றன; ஒன்றும் இல்லை என்று பதில் வந்திருக்கிறது. அவர் இறந்த சேதி கரண்டோடு போய்விட்டது. திரையில் அவர் பெயருக்கு எதிரே மறுபடியும் "வர வேண்டியவர்" என்று இருந்தது. உடனே மாற்ற எனக்குக் கை வரவில்லை.

லோகேஸ்வரி வீட்டுக்கு நடந்தே போனேன். திட்டுவாள், வாங்கிக்கொள்ளலாம் என்றுதான் போனேன். அவள் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

"நான் எதுக்குக்கா உங்கள திட்டணும்? மெசேஜ் வந்துது. பாத்தேன். நாளைக்கு காலைல போவணுமேன்னு எழுந்து பைய எடுத்து, போர்வைய மடிச்சி, பிளாஸ்க்கைக்கூட கழுவி வெச்சிட்டேன். அப்பறம்தான் நெனப்பு வந்துது."

அந்தப் பை கதவோரத்தில் அப்படியே இருந்தது. அதை எடுத்து உள்ளே வை என்று அவளிடம் சொல்லவும் முடியவில்லை, நானே எடுத்து வைக்கவும் முடியவில்லை. தண்ணீரைக் குடித்துவிட்டுத் திரும்ப ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

நண்பர்களே, முனியிடமிருந்து எனக்கென்று என்ன வைத்துக்கொண்டிருக்கிறேன் என்று கேட்டால், அவர் எழுதிய புரோகிராம் கம்பெனியுடையது, அவர் சிரிப்பு லோகேஸ்வரியுடையது. என்னை எரிச்சல்படுத்திய அந்த ஒரு கேள்விதான் எனக்கு மிச்சம். அன்று அந்த வரியை மாற்றினேன். சேதி நினைவில் தங்காமல் டேட்டாபேஸில் போய் உட்காரும்படி அமைத்தேன். ஆர்.கே.பேட்டைக்காரரோடு அவர் சாவையும் மறுபடி ஒருமுறை அனுப்பினேன். எல்லா இடத்திலும் போய்ச் சேர்ந்தது. பிறகு, அவர் கேட்பதற்கு முன்பாகவே, சர்வரை முழுக்க நிறுத்தினேன்.

அது மறுபடி எழ எப்போதும்போலச் சில நிமிடங்கள் ஆகின. இத்தனை வருட வேலையில் நான் எழுதியது நிலைக்க வேண்டும் என்றுதான் எப்போதும் வேண்டிக்கொண்டிருக்கிறேன். அன்று மட்டும், எழுந்து வரும்போது அந்தச் சேதி அங்கே இல்லாமல் போயிருக்கக் கூடாதா என்று இருந்தது. திரை வந்தது. பதிவில் பார்த்தேன், மருந்தில் பார்த்தேன், ரத்தப் பரிசோதனையில் பார்த்தேன், கடைசியாக நினைவூட்டலில் பார்த்தேன். ஒன்றும் அழியவில்லை.

மூடித் திறந்து பாத்துட்டேன் முனி. எல்லா வீட்டுக்கும் சொல்லியாச்சு.