தொடக் கூடாத சுவிட்ச்

மூன்று வருடங்களுக்கு முன்பு, கத்திரி வெயில் கொளுத்திய ஒரு செவ்வாய்க்கிழமை, கள்ளக்குறிச்சியில் எங்கள் வீட்டு ஹாலில் நடந்தது இது. வெளியே யாரிடமும் இதுவரை நான் சொன்னதில்லை.

பழுதான போர்வெல் மோட்டார்களைச் சரிசெய்வது என் தொழில். மிச்ச நேரமெல்லாம் ஹாலில் இருந்த கடல்நீர் மீன்தொட்டியோடுதான். ஃபில்டர் தண்ணீரில் அதற்கென்று விற்கும் உப்பைக் கரைத்து, சென்னையிலிருந்து மீன்களையும் உயிருள்ள பவளங்களையும் பாலிதீன் பையில் போட்டு, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்து வளர்த்தேன். அவற்றைப் படம் எடுத்து, தொட்டி வைத்திருப்பவர்களின் வாட்ஸ்அப் குழுவில் போடுவதில் எனக்கு அப்படி ஒரு பைத்தியம்.

அதற்கு முந்தைய வருடம், மிக்ஸி போடுவதற்காக என் மனைவி தொட்டியின் ஒரு பிளக்கைப் பிடுங்கிவிட்டாள். பச்சைப் பவளம் ஒன்று செத்துப்போனது. பத்திரிகை வைக்க வந்திருந்த அவள் அண்ணன் சோபாவில் உட்கார்ந்திருக்கும்போதே, "இனிமே இந்தத் தொட்டியில ஒரு சுவிட்சு மேல உன் கை படக்கூடாது" என்று கத்தினேன். அவள் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போனாள். சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டேன் என்று எனக்குப் பெருமை வேறு.

அந்த மே மாதம், என்னிடமிருந்த கோமாளி மீன் ஜோடி பவளத்துக்குப் பக்கத்துக் கல்லில் முட்டையிட்டது. எங்கள் குழுவில் பாதிப் பேருக்குக் கிடைக்காத பாக்கியம். ஆண் மீன்தான் முட்டைகளைப் பார்த்துக்கொள்ளும். துடுப்பால் விசிறி விசிறித் தண்ணீர் ஓட்டிக்கொண்டே இருக்கும். ஏழாம் நாள் ஒவ்வொரு முட்டைக்குள்ளும் இரண்டு வெள்ளிக் கண்கள் தெரிந்தன. அன்று இரவு தொட்டி விளக்கு அணைந்ததும் குஞ்சு பொரித்துவிடும். அதற்குள் அந்தக் கண்களைப் படம் எடுத்தாக வேண்டும்.

தொட்டியைப் படம் எடுப்பது லேசில்லை. கண்ணாடியில் நம் உருவம் விழாமல் இருக்கக் கறுப்புச் சட்டை போட வேண்டும். நீல விளக்கின் நிறம் படத்தைக் கெடுக்காமல் இருக்க லென்ஸின் முன்னால் ஆரஞ்சுக் கண்ணாடித் தாள் பிடிக்க வேண்டும். முக்கியமாக, தண்ணீரைச் சுழற்றும் மோட்டாரை அணைக்க வேண்டும். அப்போதுதான் பவளம் ஆடாமல் நிற்கும், தூசி அடங்கும். கால் மணி நேரம் அணைத்தால் ஒன்றும் ஆகாது. அன்று காலை பத்து மணிக்கு நானும் அணைத்தேன். நாற்பது படம் எடுத்ததில் ஒன்று அப்படியே அமைந்தது. ஒவ்வொரு கண்ணும் தனித்தனியாகத் தெரிந்தது.

அதைப் பார்த்துப் பூரித்துக்கொண்டிருந்தபோது மலைமேல் இருக்கும் கரியாலூரிலிருந்து ஃபோன். "மோட்டாரு ரெண்டு நாளா ஓடலிங்க. நட்டதெல்லாம் காயுதுங்க" என்றார் ஒரு விவசாயி. குரலே அழுவதுபோல் இருந்தது. கேமராவை ஸ்டாண்டோடு தொட்டி முன்னாலேயே விட்டுவிட்டு, பையை எடுத்துக்கொண்டு பைக்கில் கிளம்பினேன். மலை ஏறியதும் என் சிம்முக்கு சிக்னல் போய்விட்டது. அங்கே வேலை முடிய நான்கு மணி ஆனது. குழாயில் தண்ணீர் கொட்டியதும் அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். நல்லது செய்த நிறைவோடு மலை இறங்கினேன்.

அடிவாரம் வந்ததும் சட்டைப்பையில் ஃபோன் அதிர்ந்தது. வீட்டிலிருந்து பதினேழு தவறிய அழைப்புகள். பார்த்த நொடியில், தொட்டி மோட்டாரைத் திரும்பப் போடாதது ஞாபகம் வந்துவிட்டது.

வீட்டுக்குள் நுழைந்தபோதே கவிச்சி அடித்தது. தண்ணீர் கலங்கி, வெதுவெதுப்பாக இருந்தது. மோட்டார் ஓடாததால் குளிரூட்டும் பெட்டிக்கும் தண்ணீர் போகவில்லை. பவளங்கள் சுருங்கிக் கூழாகியிருந்தன. மீன்கள் எல்லாம் மிதந்தன. ஆண் மீன் மட்டும் அந்தக் கல்லடியில் சாய்ந்து கிடந்தது. மனைவி தொட்டி முன்னால் தரையில் உட்கார்ந்திருந்தாள்.

"உனக்குக் கண்ணு இல்லியா? அந்த சுவிட்ச போட்டா இன்னா?" அப்போதும் என் வாயில் வந்தது அதுதான்.

அவள் திரும்பிப் பார்த்தாள். "நீங்கதானங்க தொடக்கூடாதுன்னீங்க. கேமரா வேற வெச்சிட்டுப் போனீங்க. வந்து எடுப்பீங்க, நாம போட்டா படம் கெட்டுடும்னு நெனச்சேன். மீனுங்க மேல வந்து வாயத் தொறக்க ஆரம்பிச்சதுலருந்து ஃபோன் போட்டுக்கினேதான் இருந்தேன். போவவே இல்ல."

மறுபடியும் தொட்டிப் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னாள்: "அந்த ஆம்பள மீனு மட்டும் கடைசி வரைக்கும் முட்டைய விசிறிக்கினே இருந்துச்சுங்க. ரெண்டு தரம் சுவிட்சுகிட்ட கைய கொண்டுபோனேன். பயமா இருந்துச்சு."

அதைக் கேட்டு நான் தரையில் உட்கார்ந்து அழுதேன். அவள் அழவில்லை. எழுந்து போய் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

அந்தப் படத்தைக் குழுவில் போடவில்லை. அழிக்கவும் மனம் வரவில்லை, கம்ப்யூட்டரில் அப்படியே கிடக்கிறது. தொட்டியைக் கேட்டவருக்குக் கொடுத்துவிட்டேன். மனைவியிடம் எத்தனையோ முறை மன்னிப்புக் கேட்டுவிட்டேன். "அத வுடுங்க" என்பாள். இது உன் வீடு, எதை வேண்டுமானாலும் போடு, அணை, என்னைக் கேட்காதே என்று சொல்லியும் பார்த்துவிட்டேன். "சரிங்க" என்பாள்.

போன மாதம் நான் குளித்துக்கொண்டிருந்தபோது மாடித் தொட்டி நிரம்பி வழிந்தது. வாசலெல்லாம் தண்ணீர் ஓடுகிறது. அவள் குளியலறைக் கதவைத் தட்டி, "ஏங்க, மோட்டார நிறுத்தட்டுங்களா?" என்று கேட்டாள். நான் பதில் சொல்லும்வரை கதவுக்கு வெளியே நின்றாள். ஒரு நிமிடக் கோபத்தில் அவளுக்குள் நான் போட்ட பயம் அது. அதை வெளியே எடுக்க எனக்கு இன்னும் வழி தெரியவில்லை.